காசு கொடுத்துப் படுத்துக் கெடக்கவா?

லடாக் பயணத்துக்கு மதுரையில் ஒரு குடும்பம் கூடி உட்கார்ந்து கணக்குப் போடும்போது, "அந்த உயரத்துக்கு உடம்பு பழகுறவரை, போய் இறங்கினதும் ரெண்டு நாளைக்கு எங்கேயும் சுத்தக் கூடாது, ரூம்லயே இருக்கணும்" என்று சொன்ன மறுநிமிடம் வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டுவிடுவார்: "ஏம்ப்பா, அம்புட்டுக் காசு கொடுத்து அங்க போயிப் படுத்துக் கெடக்கவா?" அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சிந்து நதிக்கரையிலோ நுப்ரா பள்ளத்தாக்கிலோ ஊரை விட்டுத் தள்ளி இருக்கும் நல்ல சொகுசு விடுதி ஒன்றில் ஒரு ராத்திரி தங்கவே பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். அதனால் ஆறு நாள் திட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது அந்த இரண்டு நாள்தான். லடாக்கின் முக்கிய ஊரான லே, நுப்ரா, பாங்காங் ஏரி, மறுபடி லே, ஊருக்கு விமானம் என்று எல்லாவற்றையும் இடைவெளியில்லாமல் அடைத்துவிடுகிறார்கள். எனக்கு இது ஒப்பவே இல்லை. குறைத்தே ஆக வேண்டுமென்றால் பாங்காங்கைக் குறைக்கலாம், ஒட்டகச் சவாரியைக் குறைக்கலாம், மலை பார்த்த அறைக்குப் பதிலாகத் தோட்டம் பார்த்த அறை எடுக்கலாம். அந்த உயரத்துப் பாலைவனத்தில் சொகுசு விடுதிக்குக் கொடுக்கும் காசே படுத்துக் கிடக்கும் அந்த நேரத்துக்காகத்தான் என்பது என் கட்சி.

மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலை என்றால் நமக்குக் கொடைக்கானல். அது ஏறத்தாழ 2,100 மீட்டர். வத்தலக்குண்டு தாண்டி வளைந்து வளைந்து ஏறி இறங்கியதும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றக் கிளம்பிவிடுகிறோம். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அந்தப் பழக்கத்தை வைத்து லேயை எடை போடுவதில்தான் தப்பு தொடங்குகிறது. லே விமான நிலையமே 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊர் 3,500 மீட்டர். டெல்லியில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே இறக்கிவிடுகிறார்கள். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 65 சதவீதம்தான் இருக்கும். மதுரையில் இரண்டு மூச்சில் கிடைப்பதற்கு அங்கே மூன்று மூச்சு இழுக்க வேண்டும். உடம்பு வேகமாக மூச்சு வாங்கத் தொடங்கும். அதனால் ரத்தத்தில் காரத்தன்மை ஏறும். அதைச் சிறுநீரகம் கழித்துச் சமன் செய்ய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். முதல் நாள் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தால் பயப்பட வேண்டாம், உடம்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு மேல் அது பாலைவனம். லேயில் வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான். நம் ஊரில் ஐப்பசி ஒரு மாதத்தில் அதைவிட அதிகம் கொட்டிவிடும். காற்றில் ஈரமே இல்லாததால் மூச்சு விடும்போதே உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். வேர்வை காய்ந்துவிடுவதால் போனது தெரியாது. உதடு வெடிக்கும், மூக்கில் பொருக்குத் தட்டி ரத்தம் எட்டிப் பார்க்கும். மூக்குத் துவாரத்தின் விளிம்பில் காலையும் இரவும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரேயடியாக ஐந்தாறு லிட்டர் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறையும். அதனாலும் தலைவலி வரும், எது எந்தத் தலைவலி என்று தெரியாமல் போகும்.

முதல் 48 மணி நேரம்

பிற்பகலில் மலைக்காற்று கிளம்பிவிடும் என்பதால் லே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே முடிந்துவிடும். விடிகாலை விமானத்தைப் பிடிக்க, மதுரையிலிருந்து முந்தின நாள் சாயங்காலம் டெல்லிக்கு வந்து, நிலைய நாற்காலியிலேயே ராத்திரியைக் கழிப்பவர்கள் நிறையப் பேர். தூக்கம் கெட்ட உடம்போடு 3,256 மீட்டரில் போய் இறங்குவதைவிடக் கெட்ட தொடக்கம் வேறில்லை. டெல்லியில் ஒரு ராத்திரி படுக்கையில் தூங்கிவிட்டுப் போவது அவசியம். லே வந்த பிறகு பெட்டியைத் தூக்க வேண்டாம், விடுதி ஆள் தூக்கட்டும். அறை தரைத்தளத்தில் வேண்டுமென்று பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். மேல்மாடியில் காட்சி நன்றாக இருக்கும். ஆனால் முதல் நாள் இருபது படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், சாப்பாட்டுக்கு நாளைக்கு மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும். போனதும் குளிக்கத் துடிப்பது நம்மவர்களின் வழக்கம். அன்றைக்கு முகம் கை கால் கழுவினால் போதும், குளியல் மறுநாளைக்கு இருக்கட்டும். பகலில் சாய்ந்து உட்காரலாம், படிக்கலாம், பேசலாம். ஆழ்ந்து தூங்குவதைத் தவிர்ப்பது நல்லது, தூக்கத்தில் மூச்சு இன்னும் மெலிந்துவிடும். மது இரண்டு நாளைக்கு வேண்டவே வேண்டாம். தூக்க மாத்திரையும் அப்படியே.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம் பார்க்கும் ஆக்சிமீட்டர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொரோனா நேரத்தில், 2021-இல் வாங்கியது எல்லார் வீட்டு மேஜை டிராயரிலும் கிடக்கிறது. 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்ற பாடமும் மனதில் அப்படியே பதிந்திருக்கிறது. லேயில் முதல் நாள் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே 85-க்கும் 90-க்கும் நடுவில் காட்டும். அதைப் பார்த்துவிட்டு வீடே கலங்கிப்போகும். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலும், கை சில்லென்று இருந்தாலும் எண் தப்பாக வரலாம். உள்ளங்கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி, உட்கார்ந்த நிலையில் எண் நிலைக்கும்வரை ஒரு நிமிஷம் விட்டுப் பாருங்கள். ஒரு தடவை வரும் எண்ணைவிட, அதே ஆளுக்குக் காலைக்குக் காலை அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது முக்கியம். எண் 90 காட்டினாலும் தலைவலியோடு வாந்தியும் இருந்தால் அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உயரத்தால் வரும் கோளாறைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி மதுரையிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள். முன்தடுப்புக்கு வழக்கமாகக் கொடுப்பது 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கி. விரல் நுனி குறுகுறுக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும்; இரண்டும் மாத்திரையின் குணம். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்படியே ஹீமோகுளோபின் பரிசோதனையும் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகப் பெண்கள். ரத்தசோகையோடு அங்கே போவது, ஏற்கெனவே இருக்கிற கஷ்டத்தை இரட்டிப்பாக்கும். சர்க்கரை உள்ளவர்கள் இன்சுலினை உறையவிடக் கூடாது. பெட்டியில் போட்டு வெளியே வைக்காமல் உடம்போடு ஒட்டிய பையில் வைத்துக்கொள்ளவும். குளிரில் குளுக்கோமீட்டரும் தடுமாறும், உள்ளே கதகதப்பில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

இரண்டாம் ராத்திரி

தலைவலி, சாப்பாடு பிடிக்காமல் போவது, குமட்டல், கிறுகிறுப்பு எல்லாம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டும். நிறையப் பேருக்கு முதல் பகல் சுகமாகவே இருக்கும். வானம் அப்படியொரு நீலம், வெயில் இதமாக அடிக்கும், ஒன்றுமே ஆகவில்லையே என்று லேயில் குன்றின் மேல் இருக்கும் சாந்தி ஸ்தூபிக்கு ஏறிப் போய்விடுவார்கள். அதற்கான கணக்கு ராத்திரியில் தீர்க்கப்படும். நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்தான நிலை பெரும்பாலும் இரண்டாம் ராத்திரியில்தான் தொடங்குகிறது. ஆறு நாள் திட்டத்தில் அந்த இரண்டாம் ராத்திரி எங்கே கழிகிறது என்று பாருங்கள்: கர்துங் லா கணவாயைத் தாண்டி நுப்ராவில், ஒரு கூடாரத்தில். இந்த விஷயம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் முடிச்சுப் போட்டு நிற்கிறது.

நுப்ராவில் ஹுண்டர், டிஸ்கிட் எல்லாம் சுமார் 3,100 மீட்டர்தான், லேயைவிடத் தாழ்வு. அதனால் பாதுகாப்பு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே போக 5,359 மீட்டர் கணவாயைக் கடக்க வேண்டும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். கணவாயில் நெடுங்காலம் வைத்திருந்த பலகை 18,380 அடி என்று சொன்னது. உண்மையில் 17,582 அடி. அந்தக் குறைந்த கணக்கே நமக்குத் தாங்காது, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் அங்கே நிற்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சுத் திணறினால் 'கீழே இறங்கு' என்பதுதான் மருத்துவம். நுப்ராவிலிருந்து லேயின் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர அதே கணவாயில் மறுபடி ஏறித்தான் இறங்க வேண்டும். பள்ளத்தாக்கு ஒரு கிணறு மாதிரி. அடியில் சுகமாக இருக்கும், வெளியே வர விளிம்பைத் தாண்டியாக வேண்டும்.

ராத்திரியில் நடப்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு நாலைந்து தடவை ஆழமாக ஏறி, பிறகு மெலிந்து மெலிந்து, பத்துப் பன்னிரண்டு விநாடி நின்றே போகும். அப்புறம் திடுக்கென்று பெருமூச்சோடு எழுந்து உட்காருவார். பார்க்கிறவருக்கு உயிரே போய்விடும். அந்த உயரத்தில் இது சகஜம், அதனால் மட்டும் ஆபத்து இல்லை. முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்த்துவிட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். கவனிக்க வேண்டியது வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, வறட்டு இருமல் நுரை கலந்த சளியாக மாறுகிறதா, உதடு நீலம் பாய்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். தரையில் ஓடுகளின் இணைப்புக் கோட்டைக் காட்டி, குதிகாலும் பெருவிரலும் ஒட்டி ஒட்டிப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். குடித்தவர் மாதிரி தள்ளாடினால் மூளையில் வீக்கம் என்று சந்தேகிக்க வேண்டும். இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே வண்டியில் ஏற்ற வேண்டும்.

சொகுசு என்பதற்கு அந்த நேரத்தில்தான் பொருள் கிடைக்கிறது. தேக்குக் கட்டிலும் கம்பளமும் ராத்திரி இரண்டு மணிக்கு உதவாது. பணம் கட்டும் முன் விடுதிக்கு போன் போட்டு, படுக்கை எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். ஆக்சிஜன் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று அடுத்துக் கேளுங்கள். கடையில் விற்கும் கையடக்க டப்பா 10 லிட்டர் என்றால், நிமிஷத்துக்கு 2 லிட்டர் வீதம் ஐந்தே நிமிஷத்தில் தீர்ந்துவிடும். டி-டைப் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும், அதே வீதத்தில் இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் இயந்திரம் தீராது, ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். பல கூடாரங்களில் ஜெனரேட்டரை ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய பிறகு இயந்திரம் எதில் ஓடும், அதை இயக்கத் தெரிந்த ஆள் ராத்திரி எங்கே படுப்பார், டிரைவரும் வண்டியும் விடுதியிலேயே தங்குவார்களா என்று கேட்டால், பதில் சொல்லும் விதத்திலேயே இடம் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும். மழுப்பினால் வேறு இடம் பார்க்கலாம். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. குடும்பத்தில் இரண்டு பேராவது போஸ்ட்பெய்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரும் குளியல் தொட்டியும்

கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு லடாக் கிராமத்தைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. மலையில் உருகும் பனிநீரை 'யுரா' என்ற வாய்க்காலில் இறக்கி, 'ஸிங்' என்ற குளத்தில் தேக்கி, பார்லிக்கும் பட்டாணிக்கும் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று பார்க்க 'சுர்போன்' என்று ஓர் ஆள் உண்டு. நம் ஊர் நீர்க்கட்டியேதான். 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்த பிறகுதான் நம் வயல்கள் நிமிர்ந்தன. அவர்களுக்கு அந்தப் பெரியாறு உச்சியில் உறைந்து கிடக்கிறது. வசந்தத்தில் விதைக்கிற நேரத்துக்குப் பனி உருகாது என்பதால், குளிர்காலத்தில் வீணாக ஓடும் தண்ணீரைக் கூம்பு கூம்பாக உறைய வைத்துப் பனி ஸ்தூபி கட்டும் முறையை லடாக் பொறியாளர் சோனம் வாங்சுக் கொண்டுவந்தார். பம்ப் கிடையாது; மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் தன் அழுத்தத்திலேயே மேலே பீய்ச்சி உறைந்துவிடும்.

இப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் இடத்தில் அறைக்கொரு குளியல் தொட்டி வைப்பதை என்னால் சொகுசு என்று ஏற்க முடியவில்லை. ஒரு தொட்டி நிறைய 150 லிட்டராவது வேண்டும். அது ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ லாரியிலிருந்தோ வருகிறது. கழிவு போகும் இடமும் பிரச்சினைதான், அந்தக் குளிரில் எதுவும் சீக்கிரம் மட்காது. பழைய லடாக் வீடுகளில் மண் தள்ளி மூடும் உலர் கழிப்பறை இருந்தது, வருஷக் கடைசியில் அது எருவாகி வயலுக்குப் போனது. ஒரு வாளி வெந்நீர், ஒரு செம்பு, கதகதப்பான குளியலறை: மதுரைக்காரருக்கு இது போதாதா? வெந்நீர் சூரியத் தகட்டில் காய்கிறதென்றால் சாயங்காலம் நாலு மணிக்கு நன்றாகச் சுடும், விடிகாலையில் வெதுவெதுப்புத்தான். நாலு மணிக்கே குளித்துவிடுங்கள், குளிருக்கும் முந்தியாகிவிடும்.

88 டிகிரியில் சாம்பார்

3,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதித்தாலும் சூடு அவ்வளவுதான். திறந்த பாத்திரத்தில் வடித்த சோறு வெளியே குழைந்து, நடுவில் அரிசியாகவே நிற்கும். குக்கர் இருந்தால் ஒப்பேற்றலாம்; அதுவும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலேதான் தன் அழுத்தத்தைக் கூட்டும் என்பதால் உள்ளே 121 டிகிரிக்குப் பதில் 115 அளவுதான் எட்டும். நம் ஊரில் நாலு விசில் துவரம்பருப்புக்கு அங்கே ஆறு ஏழு விட வேண்டும், முதலிலேயே ஊற வைத்தால் நல்லது. டிகாஷனும் தண்ணியாகத்தான் இறங்கும். ஃபில்டர் கொண்டுபோகிறவர்கள் தூளை ஒன்றரை மடங்கு போட்டு, ராத்திரியே இறக்கி வைத்துவிடலாம். வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கும் பருப்புப் பொடி பாக்கெட் லேயில் பலூன் மாதிரி உப்பி நிற்கும், ஊறுகாய் மூடி திறந்ததும் எண்ணெய் பீறிடும். முக்கால் டப்பா மட்டும் நிரப்பி, தட்டில் வைத்துத் திறக்க வேண்டும். இரண்டு நாளைக்கு ருசியை ஓரங்கட்டிவிட்டு துக்பா என்ற நூடுல்ஸ் சூப், கஞ்சி, ரசம் சோறு என்று இலேசாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதே நல்லது. வயிறு முட்டினால் மூச்சும் முட்டும்.

எந்த ராத்திரி எங்கே

3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, படுக்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. பகலில் எவ்வளவு ஏறினாலும் படுக்கை தாழ்வாக இருக்க வேண்டும். விமானத்தில் போய் இறங்குவதே அந்த விதியை மீறித்தான். அதனால் முதல் இரண்டு ராத்திரியை லே ஊருக்குள் கழிப்பதைவிட, மேற்கே நிம்மு பக்கமோ ஆல்ச்சி கிராமத்திலோ கழிக்கச் சொல்வேன். சிந்து நதியும் ஸான்ஸ்கர் நதியும் கலக்கும் நிம்மு, லேயிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். உயரம் 3,150 மீட்டர் அளவு. ரோடு ஆற்றையொட்டி இறங்குவதால் கணவாய் எதுவும் இல்லை, அவசரமென்றால் லேக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். மூன்றாம் ராத்திரி லே அல்லது பக்கத்துத் திக்சே, நாலாவதும் ஐந்தாவதும் நுப்ரா. ஸ்ரீநகர் வழியாகக் காரில் போகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. 1,585 மீட்டரில் தொடங்கி, 2,676 மீட்டரில் கார்கிலில் ஒரு ராத்திரி படுத்து மெல்ல ஏறுகிறார்கள்.

நுப்ராவிலிருந்து ஷ்யோக் ஆற்றோரமாக நேரே பாங்காங் போய் அன்றைக்கே அங்கே படுப்பதுதான் பெரும்பாலான திட்டங்களில் இருக்கும் பெரிய ஓட்டை. 3,100-லிருந்து 4,225-க்கு, ஒரே பகலில் 1,100 மீட்டருக்கு மேல் படுக்கை ஏறுகிறது. ஏரி அழகுதான், அதில் சந்தேகமில்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் பாங்காங் ராத்திரியை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நடுவில் டாங்ட்சே கிராமத்திலாவது ஒரு ராத்திரி சேருங்கள்.

அந்த முதல் இரண்டு நாளை ஒழுங்காகக் கிடந்து கழித்தவர்களுக்கு மூன்றாம் நாள் காலையில் பசி திரும்பும். தலைவலி போனதைவிட நம்பிக்கையான அடையாளம் அது. விடுதிக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாகச் சமதளத்தில் அரை மணி நேரம் நடக்கலாம். காலையில் போனால் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இருக்காது, அடியில் கூழாங்கல் தெரியும். உச்சியில் வெயில் ஏறிப் பனி உருகி இவ்வளவு தூரம் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். ஐந்து மணிக்கு அதே இடத்துக்குப் போங்கள். கலங்கலாக, சத்தத்தோடு, கரை தொட்டு ஓடும். அன்றைக்கு அந்த இரண்டு நடை போதும்.